தெர்மல் கேமரா கொண்டு வீட்டைச் சோதிப்பது எப்படி: மொட்டை மாடி முதல் டிபி பெட்டி வரை

அடுக்குமாடி வீட்டின் சாவியை வாங்கும் முன் ஒருமுறை சோதித்துத் தரும்படி அழைப்பவர்களில் பலர், தெர்மல் கேமரா என்பது சுவருக்குள் ஊடுருவிப் பார்க்கும் எக்ஸ்ரே போன்றது என்று எண்ணிக்கொண்டுதான் அழைக்கிறார்கள். உண்மையில் அது சுவருக்குள் அரை மில்லிமீட்டர்கூடப் பார்ப்பதில்லை. சுவரின் மேற்பரப்பிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை அளந்து, எந்த இடம் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதை நிறமாக மாற்றிக் காட்டுவது மட்டுமே அதன் வேலை. பூச்சுக்குப் பின்னால் கசியும் குழாயோ, பிடி தளர்ந்த வயர் முனையோ அந்த மேற்பரப்பின் வெப்பநிலையை மாற்றியிருந்தால் படத்தில் தெரியும். மாற்றவில்லை என்றால், குழாய் உடைந்தே கிடந்தாலும் படம் ஒரே சீராக, குறையே இல்லாத வீட்டைப் போல வரும். எனவே வெப்ப வேறுபாடு எந்த நேரத்தில் தானாகத் தோன்றும் என்று அறிந்து அப்போது போய் நிற்பதும், தோன்றாத இடத்தில் அதை நாமே உண்டாக்குவதும், தெரிந்ததை இன்னொரு கருவியால் உறுதிசெய்வதும்தான் இந்த வேலை.

குளிர்நாடுகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட கையேடுகள், வீட்டுக்கு உள்ளும் வெளியும் குறைந்தது 10 டிகிரி செல்சியஸ் வேறுபாடு பல மணி நேரம் நீடித்த பிறகே சோதனையைத் தொடங்க வேண்டும் என்கின்றன. சுவரில் வெப்பக்காப்பு எங்கே விடுபட்டிருக்கிறது, எந்த இடுக்கு வழியாகக் குளிர்காற்று நுழைகிறது என்று தேடுபவர்களுக்கு அந்த விதி சரியானது. சென்னையில் ஜன்னல் திறந்த ஒரு வீட்டில் அத்தகைய வேறுபாடு ஆண்டு முழுவதும் கிடைக்காது. இங்கே நாம் தேடுவதும் வேறு. கான்கிரீட் தளம், செங்கல் சுவர், மாடியில் தட்டோடு, பூச்சுக்குள் புதைத்த குழாய் என்று அமைந்த நம் வீடுகளில் ஓதம் (சுவரிலும் தளத்திலும் ஊறிய ஈரம்), ஒழுகல், மின் இணைப்புச் சூடு ஆகிய மூன்றையும் தேடும் முறையையே இங்கு விளக்குகிறேன்.

கருவியைத் தேர்ந்தெடுத்தல்

வீட்டுச் சோதனைக்குரிய கேமராக்கள் ஏறத்தாழ 8 முதல் 14 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் வரும் கதிரைப் பதிவு செய்பவை. விலையைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு படப்புள்ளிகளின் எண்ணிக்கைக்கு உண்டு: 80×60, 160×120, 320×240, 640×480 என்று அது ஏறிக்கொண்டே போகும். விளம்பரத்தில் திரையின் புள்ளிகளைப் பெரிய எழுத்தில் போட்டுவிட்டு கதிரைப் பதிவு செய்யும் உணரியின் புள்ளிகளைச் சிறிய எழுத்தில் போடுவது வழக்கம் என்பதால், வாங்கும்போது உணரியின் எண்ணைத்தான் கேட்க வேண்டும்.

அந்த எண்ணின் பொருளை ஒரு கணக்கு விளக்கும். 160 புள்ளிகள் கிடைமட்டமாக 50 டிகிரி கோணத்தைப் பிடிக்கின்றன என்று கொள்வோம். ஒரு மீட்டர் தொலைவில் ஒரு புள்ளி ஏறத்தாழ 5.5 மில்லிமீட்டர் அகலத்தைக் குறிக்கும். மூன்று மீட்டரில் அதுவே 16 மில்லிமீட்டருக்கு மேல் ஆகிவிடும். வெப்பநிலையை நம்பத்தக்க வகையில் அளக்க வேண்டுமானால் அளக்கும் பொருள் குறைந்தது மூன்றுக்கு மூன்று புள்ளிகளையாவது நிரப்ப வேண்டும். அப்படியானால், கூரையில் ஓர் அடி அகலத்துக்குப் பரவிய ஓதத்தைத் தரையில் நின்றே இந்தக் கேமராவால் கண்டுவிடலாம், ஆனால் டிபி எனப்படும் மின்பெட்டியில், சுமை மிகுந்தால் தானே அணையும் சுவிட்சான எம்.சி.பி.யின் சிறிய திருகுமுனையை மூன்று மீட்டர் தள்ளி நின்று அளந்தால், சூடான திருகும் அதைச் சுற்றியுள்ள குளிர்ந்த பகுதியும் கலந்த ஒரு சராசரிதான் கிடைக்கும், அதுவும் உண்மையைவிடக் குறைவாக. கைப்பேசியில் செருகும் வகைக் கருவிகள் ஓதத்தின் இடத்தைக் காட்டப் போதுமானவை. மின்பெட்டிக்கு அவற்றை நான் நம்புவதில்லை.

புள்ளிகளுக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது, கருவியால் பிரித்தறிய முடிந்த மிகச் சிறிய வெப்ப வேறுபாடு. ஓதத்தைத் தேடுபவருக்கு அது 0.05 டிகிரியோ அதற்கும் குறைவாகவோ இருப்பது நல்லது. இத்தகைய கருவிகள் காட்டும் நேரடி வெப்பநிலையில் 2 டிகிரி வரை பிழை இருக்கலாம் என்று தயாரிப்பாளர்களே குறிப்பிடுவார்கள். ஆகவே “இந்தச் சுவர் 27.4 டிகிரி” என்ற வாக்கியத்துக்கு மதிப்புக் குறைவு, “இந்த இடம் பக்கத்துச் சுவரைவிட 2 டிகிரி குறைவு” என்ற வாக்கியமே பயன்படும்.

கேமராவுடன் ஊசிமுனை ஈரமானி, அறையின் வெப்பநிலையும் ஈரப்பதமும் காட்டும் சிறு கருவி, டார்ச், கருப்பு இன்சுலேஷன் டேப், சுவரைத் தட்டிப் பார்க்க ஒரு சிறு சுத்தியல் ஆகியவை பையில் இருக்க வேண்டும். ஈரமானி இல்லாமல் தெர்மல் கேமராவை மட்டும் கொண்டு போகிறவர், பாதிச் சோதனைதான் செய்கிறார்.

படம் எடுக்கும் முன் செய்ய வேண்டிய அமைப்புகள்

முதலாவது, கதிர்வீச்சுத் திறன். ஒரு பொருள் தன் சூட்டை எவ்வளவு முழுமையாகக் கதிராக வெளியிடுகிறது என்பதைக் குறிக்கும் எண் இது. பெயின்ட் அடித்த சுவர், சிமென்ட் பூச்சு, செங்கல், தட்டோடு, மரம் ஆகிய யாவும் 0.90க்கும் 0.95க்கும் இடையில் அடங்குவதால், 0.95 என்று வைத்துவிட்டு வீட்டின் பெரும்பகுதியைப் பார்த்துவிடலாம். பளபளக்கும் உலோகத்துக்கு இது பொருந்தாது. மெருகேற்றிய அலுமினியத்தின் எண் 0.1ஐயும் எட்டாது, எவர்சில்வர் குழாயைப் படம் பிடித்தால் குழாயின் சூட்டைவிட எதிரே நிற்கும் உங்கள் உடலின் பிரதிபலிப்பே மிகுதியாகப் பதியும். அத்தகைய இடத்தில் கருப்பு டேப் ஒரு துண்டை ஒட்டி, அது குழாயின் சூட்டை ஏற்றுக்கொள்ளச் சில நிமிடம் விட்டு, டேப்பின் மேல் அளக்க வேண்டும். மின்னோட்டம் உள்ள பாகங்களில் இதைச் செய்யக் கூடாது என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை; ஆனாலும் செய்ய முயன்றவரைப் பார்த்திருப்பதால் சொல்கிறேன்.

ஜன்னல் கண்ணாடியும் ஏமாற்றும். நம் கண்ணுக்கு ஒளி ஊடுருவும் கண்ணாடி, இந்த அலைநீளத்துக்குச் சுவர் மாதிரி; போதாக்குறைக்கு முகம் பார்க்கும் கண்ணாடி போல ஓரளவு பிரதிபலிக்கவும் செய்யும். பளிங்கு, மெருகேற்றிய கிரானைட், பாத்ரூமின் வழவழப்பான டைல்ஸ் ஆகியவற்றிலும் ஓரளவு பிரதிபலிப்பு உண்டு. எனவே நேர் எதிரே நிற்காமல் சற்றுச் சாய்ந்து நின்று பார்க்க வேண்டும். சந்தேகத்துக்குரிய புள்ளி நீங்கள் நகரும்போது உடன் நகர்ந்தால் அது பிரதிபலிப்பு. இடத்திலேயே நின்றால் சுவருக்கு உரியது.

இரண்டாவது, நிற அளவுகோல். கேமராவைத் தானியங்கியாக விட்டால், எதிரே இருக்கும் மிகக் குறைந்த வெப்பநிலைக்கு நீலமும் மிக அதிக வெப்பநிலைக்கு வெள்ளையும் கொடுத்துவிடும். சுவர் முழுவதும் அரை டிகிரிக்குள் அடங்கியிருந்தாலும் ஏதோ ஒரு மூலை ஆழ்ந்த நீலமாகத்தான் வரும். வீட்டுக்காரர் அதைப் பார்த்துப் பதறுவார். விற்பவரிடம் விலையைக் குறைக்கவோ, ஓதத் தடுப்பு வேலையை விற்கவோ இந்த நீலத்தைப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. அறை 30 டிகிரி என்றால் அளவுகோலை 26 முதல் 34 வரை என்று கையால் நிலைப்படுத்தி, அதே அளவுகோலில் எல்லா அறைகளையும் எடுத்தால்தான் படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட முடியும். வானவில் நிறங்களைவிடக் கருப்பு வெள்ளையில் மெல்லிய வேறுபாடு நன்றாகப் புலப்படும் என்பது என் அனுபவம்.

மூன்றாவது, குவியம். தெளிவற்ற படத்தை வீட்டுக்கு வந்தபின் சரிசெய்ய முடியாது; வெப்பநிலை எண்ணும் பிழையாகவே பதிந்திருக்கும்.

எந்த நேரத்தில் எங்கே நிற்பது

நீரின் தன்வெப்பம், அதாவது ஒரு கிலோகிராமை ஒரு டிகிரி சூடேற்றத் தேவையான வெப்பம், ஏறத்தாழ 4.2 கிலோஜூல்; கான்கிரீட்டுக்கு அது ஒன்றுக்கும் குறைவு. ஆகவே நனைந்த கான்கிரீட் மெதுவாகச் சூடேறி மெதுவாகவே ஆறும். இன்னொரு பக்கம், மேற்பரப்பிலிருந்து நீர் ஆவியாகும்போது அந்த இடத்தின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதனால்தான். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராகவும் வேலை செய்யும் என்பதால், ஓதம் எப்போதும் குளிர்ந்தே தெரியும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. அறைக்குள்ளிருந்து பார்க்கையில் ஆவியாதலே மேலோங்கும். ஓதமுள்ள இடம் சுற்றுப்புறத்தைவிட ஒன்றிரண்டு டிகிரி குறைவாகத் தெரியும். வெயிலில் காய்ந்த மாடித்தளத்தைப் பொழுது சாய்ந்தபின் மேலிருந்து பார்த்தால், அடியில் நீர் தேங்கிய பகுதி சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு சற்று வெம்மையாகத் தெரியக்கூடும்.

கூரைக்கு ஏற்ற காலம் ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்து ஓரிரு நாள் வெறித்த பிறகு, மேற்பரப்பு காய்ந்து உள்ளீரம் மட்டும் மிஞ்சியிருக்கும் வேளையில் போவது சிறந்தது. சித்திரை வெயிலில் எடுத்த படத்தைக் காட்டி ஒழுகாத வீடு என்று சான்று தருவது எவருக்கும் பயன்படாது. வேனிற்காலத்தில் சோதிக்கத்தான் வேண்டும் என்றால் மாடியில் நீர் தேக்கி வைத்துச் சோதிக்க வேண்டும். வெளிச்சுவரைப் பார்ப்பதாயின், நேரடி வெயில் படும்போதும், பலமாகக் காற்று வீசும்போதும், மழை நனைத்தவுடனும் பார்ப்பதில் பொருளில்லை.

மொட்டை மாடியும் மேல்தளக் கூரையும்

மேல்தள வீட்டின் கூரையை மாலை ஆறு மணிக்கு மேல் உள்ளிருந்து பாருங்கள். பகல் முழுவதும் வாங்கிய வெயில் தளத்தின் தடிமனைக் கடந்து கீழே வந்து சேர அவ்வளவு நேரம் ஆகிறது. அப்போது கூரை முழுவதும் வெம்மையாகவும், ஆவியாதல் நடக்கும் ஓதத் திட்டு குளிர்ந்தும் இருப்பதால் வேறுபாடு நன்கு எடுத்துத் தெரியும். விசிறிகளை அரை மணி நேரம் முன்பே நிறுத்திவிடுவதும் ஏ.சி.யை அணைத்துவிடுவதும் அவசியம்.

ஓதம் படத்தில் ஒழுங்கற்ற விளிம்போடு, மை ஊறிய தாள்போலப் பரவியிருக்கும். நேர்க்கோடாக, சம அகலத்தில் ஒரு பட்டை தெரிந்தால் அது பெரும்பாலும் உத்தரமோ லிண்டலோ தூணோதான்; கான்கிரீட்டும் செங்கல்லும் வெவ்வேறு வேகத்தில் சூடேறுவதால் பூச்சுக்குப் பின்னால் இருக்கும் சட்டகம் அப்படியே படத்தில் எழும். முதல்முறை பார்ப்பவர் இதைக் குறை என்று எழுதிவிடுவார்.

நீர் சொட்டும் இடமும் நீர் நுழைந்த இடமும் ஒன்றல்ல. தளத்துக்குள் நுழைந்த நீர் வயர் செல்லும் குழாய் வழியாகப் பல அடி நகர்ந்து மின்விசிறிக் கொக்கிப் பெட்டியில் வந்து சொட்டுவது சாதாரணம். கேமராவின் அருமை இங்கேதான் தெரியும்: விசிறிப் பெட்டியிலிருந்து கைப்பிடிச்சுவர் மூலை வரை நீளும் குளிர்ந்த தடத்தை அது ஒரே பார்வையில் காட்டிவிடும். அந்தத் தடத்தைக் கூரையில் சாக்பீஸால் குறித்து, அதே அளவை மாடியில் எடுத்துப் போட்டால், மழைநீர்க் குழாயின் வாய், கைப்பிடிச்சுவரும் தளமும் சேரும் முனை, தண்ணீர்த் தொட்டியின் அடி, தட்டோட்டின் விட்டுப்போன இணைப்பு ஆகியவற்றில் ஒன்று பெரும்பாலும் அங்கே இருக்கும். மாடிக்கு மேலேயே நின்று கேமராவால் தேடலாமே என்றால், நம் தட்டோட்டுத் தளத்தில் அது அவ்வளவு தெளிவாக வருவதில்லை. பாசி பிடித்த ஓடு, புதிய ஓடு, வெள்ளை பெயின்ட் அடித்த பகுதி, தொட்டியின் நிழல் விழுந்த பகுதி எல்லாம் வெவ்வேறு சூட்டில் இருந்து படத்தைக் குழப்பிவிடும்.

பாத்ரூமும் புதைத்த குழாய்களும்

வெந்நீர்க் குழாயைக் கண்டுபிடிப்பது எளிது. கெய்சரைச் சூடேற்றிப் பத்து நிமிடம் வெந்நீரைத் திறந்துவிட்டால் சுவருக்குள் குழாய் செல்லும் பாதை ஒளிக்கோடாக எழும். கோடு சீராக இருந்தால் நல்லது. ஓரிடத்தில் கோடு கரைந்து வட்டமாக வீங்கி, நேரம் ஆக ஆக அது கீழ்நோக்கி வளர்ந்தால் அங்கே கசிவு. ஐந்து நிமிட இடைவெளியில் ஒரே இடத்தில் நின்று மூன்று படங்கள் எடுத்து வையுங்கள்.

தண்ணீர்க் குழாய்க்கு வெயிலையே துணை கொள்ளலாம். கோடையில் நண்பகலில் மாடித் தொட்டியின் நீர் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறியிருக்கும் என்பது சென்னைவாசிகள் அனைவரும் அறிந்ததே. காலை முழுவதும் குழாயைத் திறக்காமல் வைத்திருந்து, ஒரு மணிக்குத் திறந்துவிட்டால் அந்தச் சூடே குழாயின் பாதையைக் காட்டிவிடும்.

தரைவழிக் கசிவுக்குக் கீழ்வீட்டுக்காரரின் ஒத்துழைப்பு வேண்டும். முதலில் கீழ்வீட்டுக் கூரையைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பின் மேல்வீட்டுப் பாத்ரூமின் நீர்ப்போக்கியை அடைத்து, இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் தேக்கி, 24 மணி நேரம் விட்டு, கீழே அதே இடத்தில் அதே அளவுகோலில் மீண்டும் எடுக்க வேண்டும். முதல் படம் இல்லாமல் இரண்டாம் படத்தை வைத்து எதையும் நிறுவ முடியாது. மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் ஏற்கெனவே மனத்தாங்கல் இருக்கும் குடியிருப்புகளில் இதை நான் மிகவும் கண்டிப்பாகப் பின்பற்றுகிறேன்.

ஏ.சி. ஏமாற்றும் சுவர்

இந்தத் தொழிலைத் தொடங்கிய புதிதில், ஒரு படுக்கையறைச் சுவரில் ஆளுயரத்துக்கு மேல் அகன்று கிடந்த குளிர்ந்த பகுதியை ஓதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பூச்சைப் பெயர்த்துப் பார்த்தபோது செங்கல் உலர்ந்தே இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டின் அறை. அங்கே இரவு பகலாக ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. ஈரமானியை ஒருமுறை சுவரில் வைத்திருந்தால் கொத்தனார் கூலி மிஞ்சியிருக்கும்.

அதே குளிர்ந்த சுவர் வேறு காலத்தில் உண்மையாகவே நனையலாம் என்பதுதான் இதில் சிக்கல். காற்று 30 டிகிரியும் ஈரப்பதம் 80 விழுக்காடும் இருக்கும் மழைக்கால நாளில், 26 டிகிரிக்குக் கீழே இறங்கும் எந்தப் பரப்பிலும் காற்றின் நீராவி படியத் தொடங்கும். அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை பிடிப்பதற்குக் குழாயே காரணமாக இருக்க வேண்டியதில்லை. ஆகவே குளிர்ந்த திட்டைக் கண்டால் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: அந்தப் பக்கம் என்ன இருக்கிறது, ஈரமானி என்ன காட்டுகிறது, இன்றைய காற்றின் ஈரப்பதத்துக்கு நீர் படியும் வெப்பநிலை எவ்வளவு. ஈரமானியின் ஊசியைத் திட்டின் நடுவிலும், விளிம்பிலும், நன்கு உலர்ந்த தொலைவான சுவரிலும் குத்தி மூன்று அளவுகளையும் ஒப்பிட வேண்டும். உப்புப் பூத்த பூச்சு உலர்ந்திருந்தாலும் மானி ஏறிக்காட்டும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

டிபி பெட்டி

மின்பெட்டியின் மூடியை உரிமம் பெற்ற எலெக்ட்ரீசியனே திறக்க வேண்டும். மூடிய பெட்டியைப் படம் எடுத்தால் மூடியின் சூடுதான் கிடைக்கும். திறக்கும் முன் அரை மணி நேரமாவது ஏ.சி., கெய்சர், மோட்டார், இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றை ஓடவிட வேண்டும். மின்னோட்டம் இரட்டித்தால் இணைப்பில் பிறக்கும் சூடு நான்கு மடங்காகும் என்பதால், விளக்கு மட்டும் எரியும் நேரத்தில் எடுத்த படம் ஆபத்தான இணைப்பையும் சாதுவாகக் காட்டிவிடும்.

திருகுமுனையில் உச்சமாகச் சூடாகி, வயர் நெடுகப் போகப் போகத் தணிந்தால் அது தளர்ந்த பிடி. வயர் முழுவதும் ஒரே சூட்டில் இருந்தால் அது தாங்கக்கூடியதைவிட மிகுந்த சுமை. பிடியை முறுக்கினால் முதலாவது தீரும். இரண்டாவது தீர வயரையே மாற்ற வேண்டும். சுமையுள்ள எம்.சி.பி.யின் உடல் வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு, ஏனெனில் அதனுள்ளே வெப்பத்தால் வளையும் பட்டையே அதன் காவலாளி. செம்புப் பட்டையின் பளபளப்பில் வரும் எண்ணை நம்பாமல் அதை ஒட்டிய வயரின் பிளாஸ்டிக் உறையில் அளக்க வேண்டும். நியூட்ரல் இணைப்புக் கட்டையைப் பலர் பார்க்காமலே விடுகிறார்கள். நான் கண்ட கருகல்களில் கணிசமானவை அங்கேதான் இருந்தன.

எவ்வளவு சூடு ஆபத்து? அமெரிக்க மின்சோதனை அமைப்பான நெட்டாவின் அளவுகோல், ஒரே வகையான, ஒரே அளவு சுமை தாங்கும் இரு உறுப்புகளுக்கு இடையே 15 டிகிரிக்கு மேல் வேறுபாடு இருந்தால் அதைப் பெரிய குறையாகக் கருதி உடனே சரிசெய்யச் சொல்கிறது. 4 முதல் 15 வரை குறை இருக்க வாய்ப்பு மிகுதி என்று வகுக்கிறது. வீட்டு வயரின் சாதாரண பி.வி.சி. உறை 70 டிகிரிக்கு உரியது. ஏ.சி.யின் எம்.சி.பி.யையும் விளக்கின் எம்.சி.பி.யையும் ஒப்பிடுவது இந்த அளவுகோலில் சேராது. பெட்டியை முடித்தபின் கெய்சர், ஏ.சி. ஆகியவற்றின் 16 ஆம்பியர் பிளக்குகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட வேண்டும்.

அறிக்கை எழுதுதல்

ஒவ்வொரு தெர்மல் படத்துக்கும் அதே கோணத்தில் ஒரு சாதாரணப் படம், எடுத்த நேரம், அறையின் வெப்பநிலையும் ஈரப்பதமும், கடைசியாக மழை பெய்த நாள், அளவுகோலின் மேல் கீழ் எல்லைகள், ஈரமானியின் அளவு ஆகியவை உடன் இருக்க வேண்டும். ஈரமானி உறுதி செய்ததை “ஓதம் உள்ளது” என்றும், செய்யாததை “வெப்ப வேறுபாடு காணப்பட்டது, காரணம் உறுதியாகவில்லை” என்றும் பிரித்தே எழுதுங்கள். கரையான், சுவருக்குள் இருக்கும் விரிசல், கம்பியின் துரு ஆகியவற்றைக் கேமராவால் நேரடியாகக் காண முடியாது என்பதையும் அறிக்கையிலேயே குறிப்பிட்டுவிடுவது நல்லது.

புதிய அடுக்குமாடி வாங்கியவர்களுக்கு இந்த ஆவணம் பெரிதும் பயன்படும். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறையோ வேலைத்தரக் குறையோ தெரியவந்து கட்டுநரிடம் தெரிவிக்கப்பட்டால், அவர் கட்டணமின்றி 30 நாட்களுக்குள் சரிசெய்ய வேண்டும் என்கிறது. ஆகவே ஒப்படைக்கும் நாளில் ஒரு சோதனையும், முதல் மழைக்காலம் முடியும்போது ஒன்றும், ஐந்தாம் ஆண்டின் மழைக்காலத்தில் ஒன்றும் செய்துவிடுவது புத்திசாலித்தனம்.

சரிசெய்த இடத்தை மறுவாரமே படம் எடுத்துவிட்டு வேலை பலிக்கவில்லை என்று சண்டைக்குப் போக வேண்டாம். கசிவு நின்றாலும் பூச்சிலும் செங்கல்லிலும் ஊறிய நீர் வெளியேறப் பல வாரங்கள் ஆகும். அதுவரை திட்டு குளிர்ந்தே தெரியும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் ஈரமானியின் அளவைக் குறித்து வந்து, அது இறங்கி நிலைத்த பிறகு கடைசிப் படத்தை எடுத்து, அதற்குப் பின்பே பெயின்டருக்குச் சொல்லியனுப்ப வேண்டும்.